பரந்தனில் நின்ற வான்

2010ஆம் ஆண்டு, ஏ-9 வீதியால் பளைக்குப் போய்க்கொண்டிருந்தோம். உள்ளே கட்டிலும் அடுப்பும், பின்புறம் எஞ்சினும் கொண்ட பழைய ஜேர்மன் வான். முதலாம் கியரில் புறப்படும் போதெல்லாம் வான் முழுவதும் குலுங்கியது. ஓடத் தொடங்கினால் குலுக்கம் இல்லை.

பரந்தன் சந்தியில் நிறுத்திக் காட்டினோம். "கிளச் முழுவதையும் மாற்ற வேணும்" என்றார் ஒருவர். எங்கள் கையில் இருந்ததோ பளைச் சகோதரிகளுக்குத் தையல் இயந்திரம் வாங்கும் பணம்.

அடுத்த கராஜில் முதியவர் ஒருவர் வானுக்குக் கீழே படுத்துப் பார்த்தார். ஒயில் கசிவு இல்லை. எஞ்சினைத் தாங்கும் றப்பரும் வெடிக்கவில்லை. "பிள்ளை, இஞ்ச பாருங்கோ" என்று கிளச் கேபிள் செல்லும் குழாயைக் காட்டினார். அது சுமார் ஓர் அங்குலம் தொய்ந்து வளைந்திருக்க வேண்டுமாம். எஞ்சின் அசையும்போது கேபிள் வெடுக்கென்று இழுபடாமல் காப்பது அந்த வளைவுதான். முன்பு யாரோ செய்த திருத்தத்தில் அது நேராகிவிட்டிருந்தது. குழாயின் முனையில் சில வாசர்களைப் போட்டு வளைவைத் திரும்பக் கொண்டுவந்தார், கேபிளையும் சரிசெய்தார்.

வான் குலுங்காமல் புறப்பட்டது. ஆனையிறவின் உப்புக்காற்றைத் தாண்டி, பணம் அநேகமாக முழுதாகவே பளை சேர்ந்தது.

சகோதரிகளே, தையல் இயந்திரமோ நீர்ப்பம்போ, மாற்றச் சொன்னால் முதலில் "ஏன்?" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.