சூரியநெல்லியும் உரோமர் காசும்

சூரியநெல்லியிலிருந்து ஜீப்பேறிக் கொழுக்குமலை சேர்ந்தோம். கிழக்கே, நெடுந்தாழ்வில், போடிச் சமவெளி விரிந்து கிடந்தது. பண்டை உரோமர் கடல் கடந்து பொன் கொணர்ந்தது இம்மலைத்தொடரின் மிளகை நாடியன்றோ!

அப்பொன் இன்னும் மண்ணினின்று வெளிப்படுகின்றது. 1898-இல் புதுக்கோட்டைச் சீமையில் 501 பொற்காசுகள் ஒருங்கே கிடைத்தன. பெரும்பாலானவற்றில் அரசன் முகத்தின் குறுக்கே வெட்டு! கரூர் அமராவதி மணலிலோ சிறு செப்புக்காசுகள். தினமலர் ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி அத்தகையவற்றைத் திரட்டி ஆராய்ந்து 1994-இல் நூலே வெளியிட்டார்.

அடையாளங்காண்பது எங்ஙனம்? இங்குக் கிடைக்கும் வெள்ளிக்காசுகளுள் கேடயங்களுடன் இருவர் நிற்பது அகஸ்டஸ் காசு. கோலும் கிளையும் ஏந்திய மாது அமர்ந்திருப்பது திபேரியஸ் காசு. தேய்ந்த செப்பினைச் சாய்ந்த வெளிச்சத்தில் நோக்குதல் வேண்டும். புளியிட்டுத் துலக்கினால் எழுத்தே போய்விடும். வீட்டுப் பெண்டிரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நலம்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் குடும்பத்தார் ஒன்று கருதுக. தமிழகத்தில் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டெடுத்தோர், 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கலெக்டருக்கு அறிவித்தல் வேண்டும். நூறாண்டு கடந்த காசைத் தனியார் வெளிநாடு கொண்டுசெல்வதை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது. பாட்டியின் பெட்டியிற் கிடந்த காசாயினும் விதி அதுவே. படமெடுத்து, எடையும் குறுக்களவும் குறித்துக்கொண்டு, காசை ஊரிலேயே விட்டு வருக.