முதல் பாகம் இலவசம்

டிசம்பர் 10 என்றால் எனக்கு இரண்டு கேம்கள் சேர்ந்தே நினைவுக்கு வரும். 1993-இல் அந்தத் தேதியில் ‘டூம்’ வந்தது. 2020-இல் அதே தேதியில் ‘சைபர்பங்க் 2077’. தேதி ஒன்றாக அமைந்தது தற்செயல்தான். ஆனாலும் ஒன்றை நினைத்தால் மற்றது வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

டூமின் முதல் பாகத்தை, ஒன்பது லெவல்களை, அதை உருவாக்கியவர்கள் சும்மாவே கொடுத்தார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து சர்வர் ஒன்றில் ஏற்றினார்கள். காத்திருந்த கூட்டம் தாங்காமல் சர்வர் படுத்துவிட்டது. நகல் எடுத்து யாருக்கு வேண்டுமானாலும் தரலாம். மீதி இரண்டு பாகம் வேண்டும் என்றால்தான் பணம். எங்கள் வீட்டுக்கு அது ஃப்ளாப்பியில் வந்து சேர்ந்தபோது பல வருடம் கடந்திருந்தது. அண்ணன் எங்கிருந்தோ வாங்கி வந்தான். அந்த ஒன்பது லெவல்தான் முழு கேம் என்று இருவரும் வெகுநாள் விளையாடினோம். குறை ஒன்றும் தெரியவில்லை. இலவசமாகக் கொடுத்த பகுதியில் அவர்கள் கஞ்சத்தனம் காட்டவில்லை.

அதற்குப் பிறகு ‘டிஜிட்’ பத்திரிகை சிடிகள். கட்டுரைகளை அப்பா படிப்பார், சிடி எங்களுக்கு. அதில் வரும் டெமோவில் ஒரே ஒரு ஸ்டேஜ் இருக்கும். அடுத்த இதழ் வரும்வரை அந்த ஒரு ஸ்டேஜில் எந்தச் சுவருக்குப் பின்னால் எவன் நிற்கிறான் என்பது மனப்பாடமாகிவிடும். கேம் வடிவமைப்பு என்று ஒன்று இருப்பதே எனக்கு அங்கேதான் புரிந்தது. நல்ல கேம் பத்தாவது தடவையும் புதிதாக எதையாவது காட்டும். மோசமானது இரண்டாம் தடவையே வெளுத்துவிடும்.

பர்மா பஜாரில் ஒரே ஸ்டேஜோடு நிற்கும் கவலை இல்லை. பீச் ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் வரிசையாகக் கடைகள். எல்லாம் திருட்டு சிடிதான், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் அங்கேயும் ஒரு மரியாதை இருந்தது. “போட்டுக் காமிங்கண்ணே” என்றால் கடைக்காரர் முகம் சுளிக்காமல் தன் கம்ப்யூட்டரில் போட்டு, சிடி ஓடுகிறதா என்று காட்டிவிட்டுத்தான் காசு வாங்குவார். ஒரே சிடிக்குள் அடக்க வேண்டும் என்று சிலவற்றில் பாட்டையும் கதைக் காட்சிகளையும் வெட்டி எறிந்திருப்பார்கள். கதாநாயகன் எதற்காக இத்தனை பேரைச் சுடுகிறான் என்பதை நாங்களே பேசி முடிவு செய்துகொள்வோம். பல சமயம் எங்கள் கதைதான் நன்றாக இருந்தது.

இப்படிப் பார்த்து வாங்கியதால், கேம் வருமுன்பே பணம் கட்டும் முன்பதிவு என்ற பேச்சே அப்போது எங்கள் காதில் விழுந்ததில்லை. வெளிநாடுகளில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. கார்ட்ரிட்ஜ், டிஸ்க் எல்லாம் எண்ணி அடிக்கிற சரக்கு. எத்தனை டப்பா இறக்குவது என்று கடைக்காரருக்குத் தெரிய வேண்டும். தீபாவளிக்கு ரயில் டிக்கெட் எடுத்து வைப்பது போல, இடம் குறைவு என்பதால் முந்திக்கொள்வது. இன்று கேம் டவுன்லோடாக வருகிறது. அது தீர்ந்துபோவதில்லை. தீராத சரக்குக்கு வரிசையில் நிற்கச் சொல்கிறார்கள், நாமும் நிற்கிறோம்.

வெறுமனே நிற்க மாட்டார்கள் என்பதால் மேல்சரக்கு கொடுக்க ஆரம்பித்தார்கள். 2010-இல் வந்த ‘ஃபால்அவுட்: நியூ வேகாஸ்’ எனக்கு மிகப் பிடித்த கேம். தலையில் குண்டடிபட்டு, ஒரு டாக்டர் வீட்டில் கண் விழிக்கிறோம். கையில் பெரிதாக எதுவும் இல்லை. பாலைவனத்து ஊர், ஒவ்வொரு தோட்டாவையும் எண்ணிச் சுட வேண்டும். அந்த வறுமையில்தான் கேமின் ருசி. ஆனால் முன்பதிவு செய்தவர்களுக்கு, எந்தக் கடையில் செய்தார்கள் என்பதைப் பொறுத்து, ஒரு மூட்டை ஆயுதமும் கவசமும் ஆரம்பத்திலேயே கைக்கு வந்துவிடும். ஒரு மூட்டையில் கிரனேடு துப்பாக்கியே உண்டு. கேமை உருவாக்கியவர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டு வைத்த பசியை, விற்பனைப் பிரிவு ஒரு சாப்பாட்டுப் பொட்டலத்தால் கெடுத்துவிட்டது.

எங்கள் காலத்தில் இதற்கு சீட் கோட் என்று பெயர். ‘வைஸ் சிட்டி’யில் ‘நட்டர்டூல்ஸ்’ என்று தட்டினால் பெரிய துப்பாக்கிகள், ‘பான்சர்’ என்று தட்டினால் டாங்கி. ஸ்கூல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருப்போம். வேண்டும் என்றால் கெடுத்துக்கொள், உன் இஷ்டம் என்று இலவசமாக விட்டிருந்தார்கள். அதையே பிறகு ரிப்பன் கட்டி விற்றார்கள். 2015-இல் ‘டியூஸ் எக்ஸ்: மேன்கைண்ட் டிவைடட்’ இன்னும் ஒரு படி மேலே போனது. எத்தனை பேர் முன்பதிவு செய்கிறார்களோ அதற்கேற்பப் பரிசு கூடுமாம். கூட்டம் போதுமான அளவு சேர்ந்தால் நான்கு நாள் முன்னதாகவே கேமைத் தருவார்களாம். ரசிகர்கள் போட்ட சத்தத்தில் சில வாரங்களிலேயே அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். சத்தம் போட்டால் நடக்கிறது.

சைபர்பங்க் விஷயத்தில் சத்தம் போடக் காரணமே தெரியாமல் வைத்திருந்தார்கள் என்பதுதான் என் கோபம். மூன்று முறை தேதி தள்ளிப்போனது. 80 லட்சம் பேர் முன்பதிவு. விமர்சகர்களுக்கு முன்கூட்டித் தந்தது கம்ப்யூட்டரில் ஓடும் பிரதியை மட்டும். பழைய பிளேஸ்டேஷன் 4-இல் அது எப்படித் திணறும் என்பதைப் பணம் கட்டியவர்கள் முதல் நாளில்தான் கண்டுபிடித்தார்கள். ஒரு வாரத்தில் சோனி தன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. 2021 ஜூனில்தான் திரும்ப வைத்தது. நான் வாங்கியது 2023-இல், பெரிய பேட்ச் எல்லாம் வந்த பிறகு, தள்ளுபடியில். அருமையான கேம். முழு விலை கொடுத்தவர்கள் குறைகளைக் கண்டுபிடித்துக் கொடுக்க, பாதி விலையில் நான் அனுபவித்தேன். முதலில் நம்பியவனுக்குத் தண்டனை, கடைசியில் வந்தவனுக்குப் பரிசு. இதில் என்ன வியாபார தர்மம் இருக்கிறது?

மறுபடி டெமோவுக்கே வருகிறேன், மனசு அங்கேதான் போய் நிற்கிறது. 2014-இல் ‘பி.டி.’ என்று ஒன்று பிளேஸ்டேஷனில் இலவசமாக வந்தது. ஒரு வீட்டு நடை. அதில் நடந்து, திரும்பி, கடைசிக் கதவைத் திறந்தால் மறுபடி அதே நடையின் தொடக்கம். ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஒன்று மட்டும் மாறியிருக்கும். அவ்வளவே. அதைவிட என்னைப் பயமுறுத்திய கேம் வேறில்லை. அது ‘சைலண்ட் ஹில்ஸ்’ என்ற பெரிய கேமுக்கான முன்னோட்டம். அடுத்த வருடமே அந்தக் கேமைக் கைவிட்டு, முன்னோட்டத்தையும் கடையிலிருந்து நீக்கினார்கள். முழு கேம் பிறக்கவே இல்லை; அதன் டெமோவைப் பற்றி இன்னும் பேசுகிறோம்.

அக்கா மகனிடம் இதையெல்லாம் சொன்னேன். அவன் ‘ஜி.டி.ஏ. 6’-க்காகக் காத்திருக்கிறான். 2025 என்றார்கள், 2026 மே என்றார்கள், பிறகு நவம்பர் 19 என்றார்கள். சைபர்பங்கும் டிசம்பருக்குப் போகுமுன் நவம்பர் 19-இல்தான் நின்றது என்றேன். முறைத்தான். “மாமா, முன்பதிவு பண்ணினா முன்னாடியே டவுன்லோடு ஆகிடும். பன்னெண்டு மணிக்கு எல்லாரும் ஆடுறப்ப நான் மட்டும் டவுன்லோடு பாத்துட்டு இருக்கணுமா? ரெண்டு நாள்ல கதை முழுக்க யாராவது சொல்லிடுவான்.” நியாயம்தான். நூறு ஜி.பி. இறங்க எங்கள் இணைப்பில் ஒரு ராத்திரி போகும். உன்னுடைய மெஷினில் எப்படி ஓடுகிறது என்று யாராவது ஆடிக் காட்டட்டும், அதுவரை பொறு, ஒரு ராத்திரிதானே என்றேன். அவன் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.