சாட்சி பாட்டில் இரண்டு வையுங்கள்

சென்ற இதழுக்கு வந்த கேள்விகளில் ஒன்றை ஆசிரியர் குழு எனக்கு அனுப்பி வைத்திருந்தது. சிப்பிக் காளான் வளர்க்கும் ஒரு சகோதரி எழுதியிருந்தார். 'வித்து வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. தாய் வித்து ஒரு பாட்டில் வாங்கி, வீட்டிலேயே படுக்கை வித்து தயாரிக்கலாம் என்று இருக்கிறேன். கண்ணாடி பாட்டில்களையும் டெஸ்ட் டியூப்களையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தால் போதுமா?'

போதாது. நாலு வரியில் இதற்குப் பதில் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் இதே கேள்விக்கு 1998-ல் நான் 'போதும்' என்று பதில் சொன்னவன். அதனால் ஒருவருக்கு நேர்ந்ததையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்தப் பதில் முழுமையாகும்.

அப்போது ஈரோடு மாவட்டத்தில் வேலை. பட்டம் வாங்கிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. நெல், கரும்பு, மஞ்சள் என்று எதைக் கேட்டாலும் பதில் சொல்லிவிடுவேன். தெரியாது என்று சொல்லத்தான் தெரியாது. ஒரு கிராமத்தில் நாற்பது வயதிருக்கும் ஓர் அக்கா, மகளிர் குழுவில் கடன் வாங்கி, வீட்டுக்குப் பின்னால் ஓலைக் குடில் போட்டுக் காளான் வளர்த்து வந்தார். மானாவாரி நிலம் இரண்டு ஏக்கர். அந்த வருடம் மழை இல்லை. காளான் காசில்தான் பொண்ணு படிப்பு ஓடியது.

"வித்துக்கே பாதிக் காசு போயிருதுங்க தம்பி. வீட்டுலயே பண்ண முடியாதுங்களா?" என்று கேட்டார்.

ஒரு தாய் வித்து பாட்டிலிலிருந்து ஏறக்குறைய 30 படுக்கை வித்து பாட்டில்கள் தயாரிக்கலாம் என்று பாடத்தில் படித்திருந்தேன். அதைச் சொன்னேன். பழைய குளுக்கோஸ் பாட்டில்களைச் சேர்த்து வைத்தார். சோளத்தை அரை வேக்காடு வேகவைத்து, ஆறவைத்து, பாட்டிலில் நிரப்பச் சொன்னேன். கிருமி நீக்கத்துக்கு என்ன செய்வது என்று கேட்டார். "குழந்தைக்குப் பால் பாட்டிலைக் கொதிக்க வைக்கிறீங்கல்ல, அதே மாதிரிதான் அக்கா. ஒரு மணி நேரம் அண்டாவுல நல்லா கொதிக்கட்டும்" என்றேன்.

ஐந்தாம் நாள் ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தேன். பாதிக்கும் மேற்பட்ட பாட்டில்களில் சோளம் நசநசவென்று பிசுபிசுத்துப் புளித்த வாடை அடித்தது. இன்னும் சிலவற்றில் பச்சைப் பூசணம். 30-ல் தேறியது ஆறுதான். அந்த ஆறிலும் போட்ட படுக்கைகள் பத்து நாளில் பெரும்பாலும் பச்சை பிடித்துவிட்டன.

அக்கம்பக்கத்தில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கை ராசி இல்லை என்றார் ஒருவர். சுத்தபத்தமாக இருந்திருக்க மாட்டார் என்றார் இன்னொருவர். அக்கா என்னிடம் கேட்டார், "என் கைதான் சரியில்லீங்களா தம்பி?"

நான் என்ன தவறு என்று தெரியாமல் நின்றேன். "கையை இன்னும் நல்லா கழுவியிருக்கணும் அக்கா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கொதித்தாலும் சாகாதவை

நான்கு மாதம் கழித்து ஒரு பயிற்சிக்காகக் கோவை போயிருந்தேன். காளான் ஆய்வுக்கூடத்தில் ஆட்டோகிளேவ் முன்னால் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

சோளமணி நிலத்தில் விளைந்தது. அதன்மேல் மண்ணில் வாழும் பேசில்லஸ் வகை பாக்டீரியாக்கள் ஒட்டியிருக்கும். இவை கஷ்டகாலம் வந்தால் கெட்டியான ஓடு போட்ட வித்துகளாக மாறிவிடும். கடின விதை வருடக்கணக்கில் மண்ணில் கிடந்து மழை பட்டதும் முளைக்கிறதே, அதுபோல. 100 டிகிரி கொதிநீர் வளர்ந்து நிற்கும் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். அந்த வித்துகளில் பல தப்பிவிடும். கொடைக்கானல் போன்ற மலையூர்களில் நிலைமை இன்னும் மோசம். அங்கே தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும்.

தப்பிய வித்துகளுக்கு நாமே ஈரமான, வெந்த, வெதுவெதுப்பான சோளத்தைப் பரிமாறுகிறோம். போட்டிக்கு வேறு உயிர் இல்லை. ஒரே ராத்திரியில் பெருகிவிடும். சுத்தம் வேறு, கிருமியே இல்லாத நிலை வேறு. அக்காவின் பாட்டில்கள் சுத்தமாகத்தான் இருந்தன.

பச்சைப் பூசணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது பெரும்பாலும் டிரைக்கோடெர்மா. வேரழுகலுக்குக் கிலோ விதைக்கு 4 கிராம் கலக்கச் சொல்லி நாங்களே சிபாரிசு செய்கிறோமே, அதே இனம்தான். வயலில் நண்பன், காளான் குடிலில் எதிரி. டிரைக்கோடெர்மா பொடியைக் கையாண்ட கையோடும் சட்டையோடும் காளான் வேலைக்குப் போகாதீர்கள்.

குக்கரே போதும்

நீராவியை அடைத்து அழுத்தம் ஏற்றினால் சூடு 100 டிகிரியைத் தாண்டும். சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில் 121 டிகிரி. அந்த ஈரச் சூட்டில்தான் வித்துகளும் சாகும். 1679-ல் டெனிஸ் பாப்பின் என்பவர் எலும்பை வேகவைக்கச் செய்த பாத்திரம்தான் குக்கருக்கு முன்னோடி. 1879-ல் பாஸ்டரிடம் வேலை பார்த்த சேம்பர்லேண்ட் அதே தத்துவத்தில் ஆட்டோகிளேவ் செய்தார். நம் வீட்டுக் குக்கரின் வெயிட்டும் ஏறத்தாழ அந்த 15 பவுண்டுக்கு அமைத்ததுதான். பெரிய குக்கர் ஒன்று இருந்தால் சிறு அளவு வேலைக்குப் போதும்.

செய்முறையை வரிசையாகச் சொல்கிறேன்.

பூச்சிமருந்து, களைக்கொல்லி இருந்த பாட்டிலை எத்தனை முறை கழுவினாலும் எடுக்காதீர்கள். விளிம்பு உடைந்தது, கீறல் விழுந்தது வேண்டாம். சூட்டில் விரிசல் விட்டுவிடும். மற்றவற்றைச் சோப்புத்தூள், பிரஷ் போட்டுக் கழுவி, சோப்பு போகும்வரை அலசி, கவிழ்த்து உலர்த்துங்கள். அழுக்கு ஒட்டியிருந்தால் அதற்கு அடியில் கிருமி ஒளிந்துகொள்ளும்.

அரை வேக்காடு சோளத்தை வடித்து, துணியில் பரப்பி, கையில் ஒட்டாத பதத்துக்கு உலர்த்துங்கள். கிலோவுக்கு 20 கிராம் கால்சியம் கார்பனேட் கலந்து, பாட்டிலில் முக்கால் அளவுக்கு நிரப்புங்கள். வாயைப் பஞ்சால் அடைக்க வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மருந்துக்கடையில் புண் துடைக்க விற்கும் பஞ்சு தண்ணீரை உறிஞ்சும். நீராவியில் நனைந்துவிட்டால் அதன் வழியாகவே பூசணம் உள்ளே இறங்கும். தண்ணீர் உறிஞ்சாத பச்சைப் பருத்திப் பஞ்சுதான் வேண்டும். ஒரு துணுக்கைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மூழ்கினால் ஆகாது, மிதந்தால் ஆகும். அடைத்த பஞ்சின்மேல் காகிதம் சுற்றி நூலால் கட்டுங்கள். மூடி போட்ட டியூப் என்றால் மூடியை இறுக்காமல் அரைத் திருகு தளர்த்தி வையுங்கள்.

குக்கரின் அடியில் இரண்டு அங்குலம் தண்ணீர். அதன்மேல் தாங்கி. பாட்டில்கள் தண்ணீரில் நிற்கக் கூடாது, ஒன்றையொன்று நெருக்கவும் கூடாது. நீராவி சுற்றிவர இடம் வேண்டும். மூடியபின் உடனே வெயிட் போடாதீர்கள். குழாய் வழியாக ஆவி சீராகப் பீறிட்டு வரும்வரை பொறுத்து, அதன்பிறகும் ஐந்து முதல் பத்து நிமிடம் விட்டு வெயிட்டைப் போடுங்கள். உள்ளே காற்று தங்கினால் அழுத்தம் இருக்கும், ஆனால் 121 டிகிரி வராது. முதல் விசில் வந்ததும் தீயைக் குறையுங்கள். மெல்லிய சீறல் நிற்காமல் இருக்க வேண்டும். அப்போதிலிருந்துதான் மணியைப் பார்க்க வேண்டும். வெறும் பாட்டில், டியூப் என்றால் அரை மணி நேரம். சோளம் நிரப்பிய பாட்டிலின் நடுவரை சூடு போய்ச்சேர நேரமாகும். இரண்டு மணி நேரம் விடுங்கள்.

இரண்டு மணி நேரத்தில் தண்ணீர் வற்றிவிடக்கூடும். எனவே முதலில் பாட்டில் இல்லாமல் வெறும் தண்ணீரை மட்டும் வைத்து, எவ்வளவு வற்றுகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கேஸ்கட் தேய்ந்ததாக இருந்தாலோ, சேஃப்டி வால்வு அடைத்திருந்தாலோ அந்தக் குக்கரைத் தொடவே வேண்டாம். குழந்தைகள் பக்கத்தில் வரக் கூடாது.

முடிந்ததும் வெயிட்டைத் தூக்கி ஆவியைத் திறந்துவிடாதீர்கள். பஞ்சு தெறித்துவிடும், பாட்டிலும் உடையலாம். தானாக ஆற விடுங்கள். சாயங்காலம் வைத்துவிட்டுக் காலையில் திறப்பது நல்லது.

குக்கர் இல்லாதவர்களுக்கு

ஜான் டிண்டல் என்ற விஞ்ஞானி 19-ஆம் நூற்றாண்டில் சொன்ன வழி ஒன்று உண்டு. மூன்று நாள் தொடர்ந்து, தினமும் ஒரு மணி நேரம், இட்லிப் பானையில் ஆவியில் வேகவைப்பது. முதல் நாள் தப்பிய வித்து இரவில் முளைக்கும். முளைத்தது இரண்டாம் நாள் சாகும். மிச்சம் மூன்றாம் நாள். ஆனால் இது உணவுப்பொருள் உள்ள பாட்டிலுக்கு மட்டும்தான். வெறும் பாட்டிலில் வித்து முளைக்கவே செய்யாது, அதனால் சாகவும் சாகாது. குக்கர் அளவுக்கு இதை நம்பவும் முடியாது.

பிளாஸ்டிக், ரப்பர் இல்லாத வெறும் கண்ணாடிச் சாமான்களைக் காகிதத்தில் சுற்றி, மின் அவனில் 160 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைக்கலாம். ஊசி, இடுக்கி போன்றவற்றை ஸ்பிரிட் விளக்குத் தீயில் காட்டி, ஆறியபின் பயன்படுத்துங்கள். ஊசி சிவக்கும்வரை காய வேண்டும்.

கை துடைக்க 70 சதவிகித ஸ்பிரிட்தான் சரி. 95 சதவிகிதம் இருந்தால் மூன்று பங்குக்கு ஒரு பங்கு கொதித்து ஆறிய தண்ணீர் சேருங்கள். தண்ணீர் கொஞ்சம் இருந்தால்தான் அது கிருமிக்குள் இறங்கி வேலை செய்யும். துடைத்த கை முழுக்க உலர்ந்தபிறகே விளக்கைப் பற்றவைக்க வேண்டும். ஈரக் கையோடு தீப்பெட்டி எடுத்தால் கையே பற்றிக்கொள்ளும். ஸ்பிரிட் பாட்டிலை மூடி, தூரமாக வைத்துவிடுங்கள்.

சாட்சி பாட்டில்

இவ்வளவும் செய்தபின், நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். 30 பாட்டில் வேகவைத்தால் 28-ல் மட்டும் தாய் வித்து போடுங்கள். இரண்டைத் திறக்காமல், வித்து போடாமல், அதே அறையில் ஒரு வாரம் வையுங்கள். இவை சாட்சி.

சாட்சி பாட்டில்கள் கெட்டுப்போனால் கிருமி நீக்கத்தில்தான் கோளாறு: நேரம் போதவில்லை, காற்று வெளியேறவில்லை, அல்லது பஞ்சு நனைந்துவிட்டது. சாட்சி நன்றாக இருந்து மற்றவை கெட்டால், வித்து போடும்போது தவறு நடந்திருக்கிறது, அல்லது தாய் வித்திலேயே குறை. இரண்டு பாட்டில் சோளத்தின் செலவில் தவறு எங்கே என்று தெரிந்துவிடும். கெட்ட பாட்டில்களைக் குடிலுக்குள் திறக்காதீர்கள். மறுபடி குக்கரில் வேகவைத்து, பிறகு குப்பைக்குழியில் கொட்டுங்கள்.

அன்றைக்கு அக்கா வீட்டில் இரண்டு சாட்சி பாட்டில் இருந்திருந்தால், அவையும் புளித்திருக்கும். பஞ்சைக்கூட எடுக்காத, அவர் கையே உள்ளே போகாத பாட்டில் புளித்திருக்கிறதே என்று யாரும் பார்த்திருக்கலாம்.

கோவையில் அது புரிந்த அன்றே நான் அந்த ஊருக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. வேலை என்றேன், பிறகு மாறுதல் வந்தது என்றேன். உண்மையில் வெட்கம்தான். நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போனபோது விசாரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அக்காவுக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. நாலு எருமை வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். காபி கொடுத்தார். தவறு என்னுடையது, உங்கள் கையில் ஒன்றும் இல்லை என்று விவரமாகச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நீங்க தேடி வந்து சொன்னது பெரிசுங்க தம்பி" என்றார். பிறகு, "ஆனா அப்பவே சொல்லியிருந்தீங்கன்னா அந்தக் குடிலப் பிரிச்சிருக்க மாட்டேன். அந்தக் கடனை அடைக்க ரெண்டு வருசமாச்சு. அதுக்கப்புறம் விதை போடறதுக்குக்கூட என் கையால போடாம பொண்ணைத்தான் போடச் சொல்லுவேன்" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கேள்வி கேட்ட சகோதரிக்குச் சொல்கிறேன். கொதிநீர் போதாது, குக்கரில் வையுங்கள். முதல் தடவை ஐந்து பாட்டிலுக்கு மேல் போடாதீர்கள், கடன் வாங்கியும் போடாதீர்கள். சாட்சி பாட்டில் வையுங்கள். கெட்டுப்போனால் உங்களைக் குறைசொல்லிக்கொள்வதற்கு முன்னால், அந்தப் பாட்டில்களை எடுத்துக்கொண்டு உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அதிகாரியிடம் போய்க் காட்டுங்கள். அவருக்குத் தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்று அவர் வாயால் சொல்லும்வரை விடாதீர்கள்.