கூப்பிடு தூரத்தில்

திருகோணமலையில் உள்துறைமுக வீதிக்குப் பின்னால் ஓடும் ஒழுங்கையில் எங்கள் வீடு. கப்பல் ஊதினால் விறாந்தை வரைக்கும் அதிரும். 1980இல் சீனன்குடாவில் பிறிமா மா ஆலை வந்த பிறகு, ஒழுங்கையில் சிலருக்கு இரவு பகலென்று முறை மாறி வேலை. பக்கத்து வீட்டு மாமாவும் அங்கேதான். மாமிக்குக் கச்சேரியில் உத்தியோகம். அவர்களின் ஐந்து மாதப் பொடியனைப் பார்த்துக்கொண்டிருந்த பாட்டி மட்டக்களப்புக்குப் போகவேண்டி வந்தபோது, மாமி எங்கள் வாசலுக்கு வந்தா.

“அக்கா, பள்ளிக்கூடம் விட்டு வந்தபிறகு, நான் வருமட்டும் பிள்ளை பார்க்க இவளை விடுவீங்களோ?”

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. ஓமென்று சொல்லக் கால் தரையில் நிற்கவில்லை. அம்மா யோசித்தா. “பச்சைப்பிள்ளை. அம்மாவைக் கேட்டுச் சொல்லுறன்.”

அம்மம்மா என் வயதைக் கேட்கவில்லை. வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்றும் கேட்கவில்லை. அன்று பின்னேரமே பொடியனைக் கொண்டுவரச் சொல்லி என் மடியில் வைத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு முருங்கையிலை ஆயத் தொடங்கினா. திரும்பிப் பார்க்கவேயில்லை. காதால்தான் என்னைக் கவனித்திருக்கிறா. கழுத்துக்குக் கை கொடுக்காமல் தூக்கினபோது பிள்ளையின் சத்தம் மாறியதை வைத்தே, “தலையைப் பிடி” என்றா.

பிறகு போத்தல். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்க்க வேண்டும். சூப்பி நிறையப் பால் நிற்கிற மாதிரிச் சரித்துப் பிடிக்க வேண்டும். காற்று நின்றால் அதுவும் வயிற்றுக்குள் போகும். நாலு இழுவைக்கு ஒருதரம் நிறுத்த வேண்டும். குடித்து முடிந்ததும் தோளில் துணியைப் போட்டு, அதில் பிள்ளையைச் சாத்தி, முதுகைக் கீழிருந்து மேலாகத் தடவ வேண்டும். ஏப்பம் வராமல் ஏணையில் வளர்த்தக்கூடாது. இதையெல்லாம் திரும்பத் திரும்பச் செய்வித்த பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டா.

“பிள்ளை கத்தினா என்ன செய்வாய்?”

“தூக்குவன்.”

“தூக்கியும் கத்தினா?”

“பராக்குக் காட்டுவன். பால் குடுப்பன்.”

“அதுக்கும் அடங்காட்டி?”

எனக்குப் பதில் முடிந்துவிட்டது. “உங்களைக் கூப்பிடுவன்” என்றேன், அழுகை வரும் குரலில். அம்மம்மா கடகத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பினா. “அப்ப விடலாம். ஆனால் அந்த வீட்டிலை இல்லை. இஞ்ச, என்ரை கூப்பிடு தூரத்திலை.”

அப்படித்தான் அந்த வருஷம் எங்கள் விறாந்தையில் ஏணை தொங்கியது. அம்மாவின் பழைய நூல் சேலை. பொடியனுக்குக் கப்பல் சத்தம் பயமில்லை, காகம் கத்தினால்தான் பயம். ஒருநாள் பால் புரையேறி முகம் சிவந்து, பிறகு நீலம் பாரித்தது. அழக்கூட அவனுக்குச் சத்தம் வரவில்லை. நான் கத்திய கத்தலில் அம்மம்மா குசினியிலிருந்து ஓடிவந்து, அவனைத் தன் முன்கையில் குப்புறப் போட்டு, தலையைத் தாழ்த்தி, தோள்களுக்கு நடுவே உள்ளங்கையால் தட்டினா. பால் வெளியே வந்தது. அவன் வீறிட்டான். அவ்வளவு இனிமையான அழுகையை நான் கேட்டதேயில்லை.

ரிசானா நபீக்கைப் பற்றிப் பேப்பரில் வாசித்தபோது என் கை நடுங்கியது இதனால்தான். ரிசானா மூதூர்ப் பிள்ளை. எங்கள் இறங்குதுறையிலிருந்து கொட்டியாரக்குடாவைக் கடந்து லோஞ்சில் போகிற ஊர். 1988 பெப்ரவரியில் பிறந்தவளுக்கு, 1982இல் பிறந்ததாகப் பாஸ்போர்ட் எடுத்து, ஆழிப்பேரலை அடித்து ஐந்து மாதம்கூட ஆகாத 2005 மேயில் சவூதிக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டுவேலைக்கென்று போனவள் கையில் நான்கு மாதக் குழந்தையைக் கொடுத்தார்கள். போய் மூன்று கிழமைக்குள், மே 22 அன்று, அந்தக் குழந்தை இறந்தது. போத்தலில் பால் கொடுக்கும்போது புரையேறியது என்று அவள் சொன்னாள். கழுத்தை நெரித்தாள் என்று வீட்டார் சொன்னார்கள். முதல் விசாரணையில் அவளுக்கு ஒரு வழக்கறிஞர்கூட இல்லை. 2007இல் மரண தண்டனை விதித்தார்கள். 2013 ஜனவரி 9 அன்று அதை நிறைவேற்றினார்கள்.

அந்தப் பதினேழு வயதுப் பிள்ளை எந்தப் பாஷையில் யாரைக் கூப்பிட்டிருக்கும்? இன்றைக்கும் இதை நினைத்தால் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. அவளை ஏற்றி அனுப்பியவர்கள் வயதைக் கூட்டினார்களே ஒழிய, ஒரு பச்சைப்பிள்ளையைத் தூக்கத் தெரியுமா என்று கேட்கவில்லை. அந்த வீட்டில் அவளுக்குத் துணை யார் என்றும் கேட்கவில்லை. அவளின் உயிர் போன பிறகுதான், 2013இல், சவூதிக்கு வீட்டுவேலைக்குப் போகும் பெண்களுக்குக் குறைந்த வயது 25 என்று அரசாங்கம் அப்போது ஆக்கியது.

போன மாதம் என் தம்பி கேட்டான், பதினாலு வயது மகளை மேல்வீட்டுக் குழந்தையைப் பார்க்க விடலாமா என்று. அவள் கெட்டிக்காரி, பொறுமைசாலி, எனக்கும் தெரியும். “அந்த நேரம் வீட்டிலை பெரியாக்கள் ஆர் நிப்பினம்?” என்று கேட்டேன். ஒருவரும் இல்லையாம். அப்படியென்றால் குழந்தையை உங்கள் வீட்டுக்கு இறக்கிக்கொண்டு வரச்சொல்லு, உன் மனுசி இருக்கிற நேரமாகப் பார் என்றேன். அவனுக்கு அது வீண் சிரமமாகப் பட்டது. நான் விடவில்லை.