சோபாவைக் கழிக்கவும் சீட்டு வாங்க வேண்டும்

டோக்கியோவில் பழைய சோபா ஒன்றைத் தலைமுழுக வேண்டுமானால், அதற்கு நாம்தான் காசு கட்ட வேண்டும். கேள்விப்பட்டபோது நம்பவில்லை. நிஷிகசாயில் சித்தி மகன் குடியிருக்கும் அடுக்ககத்தின் வாசலில் கண்ணால் பார்த்த பிறகுதான் நம்பினேன். இரண்டு பேர் தாராளமாக உட்காரக்கூடிய சாம்பல் நிற சோபா. கிழிசல் இல்லை, கறை இல்லை. கைப்பிடியில் வரிசையாக ஏழு சீட்டுகள் ஒட்டியிருந்தன. ஆறு சீட்டு முந்நூறு யென், ஒன்று இருநூறு யென். ஆக 2,000 யென்.

கிட்டே போய்த் தடவிப் பார்த்தேன். "அண்ணா, ஆசைப்பட்டு எடுத்துடாதீங்க. அது வார்டு ஆபீஸ் கணக்குல ஏறிடுச்சு" என்றான் தம்பி.

டோக்கியோவின் 23 வார்டுகளிலும் இதே ஏற்பாடுதான். ஏதாவது ஒரு பக்கம் 30 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும் வீட்டுச் சாமான் என்றால் அது சாதாரணக் குப்பையில் சேராது. போனிலோ இணையத்திலோ பதிவு செய்ய வேண்டும். எந்தத் தேதியில் வந்து எடுப்பார்கள், கட்டணம் எவ்வளவு என்று சொல்வார்கள். பக்கத்துக் கடையில் அந்தத் தொகைக்குச் சீட்டு வாங்கி, பெயரையோ பதிவு எண்ணையோ எழுதி ஒட்டி, சொன்ன நாளில் காலை எட்டு மணிக்குள் வாசலில் வைத்துவிட வேண்டும். சாதாரண நாற்காலிக்கு 400 யென். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி, ஏசி இந்த நான்குக்கும் 2001 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. மறுசுழற்சிக் கட்டணமும் ஏற்றிச் செல்லும் கூலியும் பயன்படுத்தியவர் தலையில்தான். யென்னின் மதிப்பு நம் பணத்தில் அரை ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். கணக்குப் போட்டுப் பார்த்தபோது பகீரென்றது. பழைய பேப்பரையும் ஓட்டைக் குடத்தையும்கூட எடைபோட்டுக் காசாக்கும் ஊரிலிருந்து போனவன் நான்.

இந்தச் சீட்டுதான் அந்த ஊரின் பழைய சாமான் சந்தைக்கு அஸ்திவாரம் என்பது போகப் போகப் புரிந்தது. நம் ஊரில் பழைய கட்டிலின் விலை காயலான் கடைக்காரர் தருவதிலிருந்து மேலே ஏறும். அங்கே அது பூஜ்யத்துக்கும் கீழே ஆரம்பிக்கிறது. சோபாவை ஒருவர் சும்மா எடுத்துக்கொண்டு போனாலே சொந்தக்காரருக்கு 2,000 யென் மிச்சம்.

இப்படிச் சும்மா கொடுப்பவர்களும் குறைந்த விலைக்குக் கேட்பவர்களும் சந்திப்பதற்கு, 2011 முதல் 'ஜிமோட்டி' என்றொரு சேவை நடக்கிறது. பக்கத்து ஊர்க்காரர்கள் தங்களுக்குள் கொடுத்து வாங்கிக்கொள்வது. '0 யென்' என்று போட்ட புத்தக அலமாரிகளும் மேசைகளும் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. திரும்பத் திரும்ப வரும் நிபந்தனை ஒன்றே ஒன்று: வந்து எடுத்துக்கொண்டு போகக்கூடியவராக இருக்க வேண்டும்.

தம்பி அதில் ஒரு சாப்பாட்டு மேசை பார்த்து வைத்திருந்தான். மேசையும் நான்கு நாற்காலியும் சேர்த்து 3,000 யென். அதற்கு எழுதியிருந்த குறிப்பை வாசித்துக் காட்டச் சொன்னேன். மேசையின் இடது ஓரத்தில் சூடான பாத்திரம் வைத்த வட்டத் தழும்பு. ஒரு நாற்காலி லேசாக ஆடும். வீட்டில் பூனை உண்டு. சிகரெட் பிடிப்பவர் இல்லை. தழும்பின்மேல் அளவுகோலை வைத்துத் தனியாகப் படம் வேறு. பெண் பார்க்கப் போகும் இடத்தில்கூட இவ்வளவு உண்மையை யாரும் முதலிலேயே சொல்வதில்லை.

அடுத்த ஸ்டேஷனான கசாயில் வீடு. அறுபதைக் கடந்த ஓர் அம்மாள் கதவைத் திறந்தார். நாங்கள் போவதற்குள் மேசையின் கால்களைக் கழற்றி, திருகாணிகளை ஒரு சின்னப் பையில் போட்டு, பலகையின் அடியில் டேப் வைத்து ஒட்டியிருந்தார். தழும்பை விரல் வைத்து மறுபடியும் காட்டினார். ஆடும் நாற்காலியை ஆட்டியும் காட்டினார். என் நாக்கு சும்மா இருக்கவில்லை. "ரெண்டாயிரத்துக்குக் கேட்டுப் பாரேன்டா" என்றேன் தமிழில். "கேக்கணும்னா வர்றதுக்கு முன்னாடியே எழுதிக் கேக்கணும்ணா. வாசல்ல வந்து நின்னுக்கிட்டு கேக்கக் கூடாது" என்றான். பணத்தை உறையில் போட்டு இரு கையாலும் நீட்டினான். அவர் குனிந்தார், இவன் குனிந்தான், நானும் குனிந்தேன். வாடகைக்கு எடுத்த குட்டி லாரிக்குத்தான் மேசை விலையைவிட அதிகம் ஆனது.

கடைகளில் வேறு நியாயம். 1993-ல் நீகாத்தா மாநிலத்தில் தொடங்கிய 'ஹார்ட் ஆஃப்' என்ற கடைத் தொடருக்கு இன்று நாடெங்கும் கிளைகள். அதன் 'ஆஃப் ஹவுஸ்' கடைகளில் கட்டில், மேசை, அலமாரி, பீங்கான் எல்லாம் இருக்கும். ஃப்ரிட்ஜ் என்றால் தயாரான ஆண்டும், மரச்சாமான் என்றால் கீறலும் விலைச்சீட்டிலேயே எழுதியிருக்கும். பேரம் பேசும் பேச்சே இல்லை.

கல்லாவுக்குப் பக்கத்தில் கருநீலப் பின்னணியில் வெள்ளை எழுத்தோடு ஒரு சின்னப் பலகை என் கண்ணில் பட்டது. 16 சென்டிமீட்டர் அகலம், 8 சென்டிமீட்டர் உயரம். பழைய பொருள் வியாபாரத்துக்கான உரிமப் பலகை அது. அளவும் நிறமும்கூடச் சட்டப்படிதான். அந்தச் சட்டம் வந்தது 1949-ல். மனுவைப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்க வேண்டும். திருட்டுப் பொருள் சந்தையில் கலந்துவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். 10,000 யென்னுக்கோ அதற்கு மேலோ ஒரு பொருளைக் கடைக்காரர் வாங்கினால், விற்பவரின் அடையாள அட்டையைப் பார்த்து, விவரங்களை எழுதி, மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். பொருள் திருட்டுப் போனது என்று தெரியவந்தால், ஓர் ஆண்டுக்குள் உரியவர் கேட்டால் கடைக்காரர் காசு வாங்காமல் திருப்பித் தர வேண்டும். அந்த நஷ்டத்துக்கு அவர் இடம்வைத்துத்தான் விலை போட்டாக வேண்டும்.

விற்கப் போகிறவருக்குக் கடையில் கிடைக்கும் மரியாதை குறைவுதான். மலிவு அட்டைப் பலகையில் செய்த அலமாரிக்குப் பெரும்பாலும் "விலை போட முடியாது, விருப்பமென்றால் சும்மா எடுத்துக்கொள்கிறோம்" என்ற பதில்தான் வரும். கடைக்காரருக்கு அலமாரியைவிட அது அடைத்துக்கொள்ளும் தரை விலை கூடியது. ஆனால் 'கரிமோகு' நிறுவனத்தின் கே சேர் மாதிரியான சாமான் வந்தால் பேச்சே மாறும். 1962 முதல் செய்யப்படும் அந்த நாற்காலியில் மெத்தை, கைப்பிடி, கால் என்று எந்தப் பாகம் போனாலும் அதை மட்டும் வாங்கி மாற்றிக்கொள்ளலாம். பழுதுபார்க்க வழி இருக்கும் பொருளுக்கு மறுவிலை உண்டு. இல்லாததற்குச் சீட்டுதான்.

நல்ல மரத்துக்கும் இது பொருந்துமா என்றால், அங்கேதான் மனசுக்குச் சங்கடமான காட்சி ஒன்றைப் பார்த்தேன். மேற்கே நிஷி-ஓகிகுபோ பகுதியில் பழம்பொருள் கடைகள் தெருத்தெருவாக உண்டு. ஒரு கடையில் 'கிரி' மரத்து இழுப்பறைப் பெட்டி இருந்தது. கிமோனோ மடித்து வைக்கும் பீரோ அது. பெண் குழந்தை பிறந்ததும் தோட்டத்தில் கிரிக் கன்று நட்டு, அவள் கல்யாணத்துக்குள் அது வளர்ந்ததும் வெட்டிச் சீர்ப்பெட்டி செய்வது பழைய வழக்கம். மரம் பஞ்சு மாதிரி லேசு, ஈரத்தைப் பெட்டிக்குள் விடாது. தீப்பிடித்த வீட்டில் தண்ணீர் அடித்தால் மரம் ஊறி உப்பி, இழுப்பறைகள் இறுகிக்கொண்டு உள்ளே இருக்கும் துணி தப்பித்துவிடும் என்பார்கள்.

கடைக்காரர் என்னை அழைத்துத் திறந்திருந்த ஓர் இழுப்பறையை மெல்லத் தள்ளச் சொன்னார். தள்ளினேன். கீழே இருந்த இன்னொன்று தானாகவே இரண்டு விரல்கடை வெளியே வந்தது. அதை உள்ளே தள்ளினேன். மேலே இருந்தது எட்டிப் பார்த்தது. காற்றுக்குக்கூட வழியில்லாமல் இழைத்திருக்கிறார்கள். ஒன்று உள்ளே போகும்போது அடைபட்ட காற்று மற்றொன்றை வெளியே தள்ளிவிடுகிறது. தச்சரின் கைக்கு இதுதான் பரீட்சை.

அப்படிப்பட்ட பெட்டியின் விலை, புதிதாக வரும் ஓர் இரும்பு அலமாரி விலைதான். புது அடுக்ககங்களில் சுவரோடு சேர்த்தே அலமாரி கட்டிவிடுகிறார்கள். கிமோனோ உடுத்துகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். சைதாமா மாநிலத்துக் கசுகாபே மாதிரியான ஊர்களில், பழைய கிரிப் பெட்டியின் மேல்தோலை இழைத்து, கல்மாவு பூசி மெருகேற்றிப் புத்தம் புதிதாக்கித் தரும் தச்சர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கூலி பழைய பெட்டியின் விலையைவிடப் பல மடங்கு. அதனால் பாட்டியின் பெட்டியை வைத்துக்கொள்ள ஆசைப்படும் பேத்திதான் கொண்டு போவாள். வியாபாரி கொண்டு போகமாட்டார்.

நூறு வயதான சாமானுக்கு உயிர் வந்துவிடும் என்பது அந்த நாட்டின் பழைய நம்பிக்கை. வருஷக் கடைசியில் வீட்டைச் சுத்தம் செய்யும்போது தூக்கி எறியப்பட்ட சாமான்கள் கோபம் கொண்டு, பேயுருவெடுத்து மனிதர்களைப் பழிவாங்கக் கிளம்பிய கதை, பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய ஓவியச் சுருள்களில் இருக்கிறது. பெட்டிக்கு வயதைக் கேட்டேன். எண்பதுக்கு மேல் இருக்கும் என்றார் கடைக்காரர். இன்னும் அவகாசம் இருக்கிறது.

சில இடங்களில் இந்தக் கோபத்தைத் தணிக்க முதியவர்களே இறங்கியிருக்கிறார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்குச் சிறுவேலை ஏற்பாடு செய்து தரும் மையங்கள் ஜப்பான் எங்கும் உண்டு. அவற்றில் சில, கழிக்கப்பட்ட மரச்சாமான்களை வாங்கி, துடைத்து, ஆணி அடித்து, மெருகு பூசிக் குறைந்த விலைக்குத் தருகின்றன. ஒரே மேசைக்குப் பலர் ஆசைப்பட்டால் விலையை ஏற்றுவதில்லை. சில இடங்களில் பெயர் எழுதிப் போட்டுக் குலுக்கல்தான். ஆட்கள் கூடினால் விலை கூடும் என்று மட்டுமே பழகிய எனக்கு, விலை அசையாமல் அதிர்ஷ்டம் மட்டும் அசைவது புதுசாக இருந்தது.

ஏமாற்று வேலையும் இல்லாமல் இல்லை. மத்தியான நேரத்தில் ஒலிபெருக்கி கட்டிய குட்டி லாரி ஒன்று தெருவில் ஊர்ந்தது. பதிவு செய்த பெண் குரல், ஓடாத டிவி, பழைய சைக்கிள், மரச்சாமான் எதுவானாலும் எடுத்துக்கொள்வதாகப் பாடிக்கொண்டே போனது. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தவர்களின் குரல் என் காதில் கேட்டது. அங்கேயும் ஒரு காலத்தில் பழைய செய்தித்தாளுக்குக் கழிவறைக் காகிதம் கொடுக்கும் வண்டிகள் ஓடியிருக்கின்றன. கூப்பிடட்டுமா என்று கேட்டதற்குத் தம்பி கையைப் பிடித்துக்கொண்டான். வீட்டுக் குப்பையை எடுக்க நகராட்சியின் தனி அனுமதி வேண்டும். அது இல்லாமல் சுற்றுகிறவர்களில் சிலர், சாமானை ஏற்றும்வரை இலவசம் என்பார்கள். ஏற்றிக் கயிறு கட்டிய பிறகு ஏற்றுக்கூலி என்று பெரிய தொகையைக் கேட்பார்கள். நியாய விலைக்கு முதல் எதிரி, முன்கூட்டிச் சொல்லாத விலை.

நான் போயிருந்தது மார்ச் கடைசி. பள்ளி, கல்லூரி, அலுவலகம் எல்லாவற்றுக்கும் அங்கே ஏப்ரல் 1-தான் புது வருஷம். ஊரே வீடு மாறும் மாதம். சாமான் ஏற்றும் கம்பெனிகளின் கட்டணம் எகிறும், ஆளே கிடைக்காமலும் போகும். வீட்டைத் துடைத்துக் காலியாகக் கொடுத்தால்தான் சாவியை வாங்கிக்கொள்வார்கள். அதனால் மாத ஆரம்பத்தில் 8,000 யென் சொன்ன கட்டில், இருபதாம் தேதிக்கு மேல் 3,000-க்கு வரும். முப்பதாம் தேதி '0 யென், இன்றே எடுப்பவருக்கு' என்று மாறிவிடும். வாங்குபவர் பேரம் பேச வேண்டியதில்லை. நாள்காட்டியே பேசிவிடுகிறது.

நிஷிகசாயில் இந்தியக் குடும்பங்கள் நிறைய. இரண்டாயிரமாவது ஆண்டையொட்டி மென்பொருள் வேலைக்கு வந்தவர்களில் தொடங்கிய குடியிருப்பு. ஊருக்குத் திரும்புகிறவர்கள் வாட்ஸ்அப் குழுவில் 'சயோனாரா சேல்' போடுவார்கள். தம்பி காட்டிய பட்டியல் ஒன்றில் சோபா, கட்டில், ஃப்ரிட்ஜ், ஒரு வெட் கிரைண்டர் இருந்தன. சோபா இலவசம். கட்டில் இலவசம். ஃப்ரிட்ஜ் ஏறத்தாழ இலவசம். கிரைண்டருக்கு மட்டும் கோயம்புத்தூர்க் கடை விலையைவிடக் கூடுதல். அங்கே மின்சாரம் 100 வோல்ட் என்பதால் அதை ஏற்றித் தரும் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்த்து.

"பழைய கிரைண்டருக்கு இந்த விலையா?" என்றேன்.

"ஊர்லேர்ந்து கல்லைத் தூக்கிட்டு வர்ற விமானக் கூலியைப் போட்டுப் பாருங்கண்ணா. பாதிகூட வரலை."

போட்டுப் பார்த்தேன். அவன் சொன்னது சரிதான். சோபாவைக் கொண்டு போகும் கூலி விற்பவர் தலையில் விழுந்ததால் அது இலவசமானது. கிரைண்டரைக் கொண்டு வரும் கூலி வாங்குபவருக்கு மிச்சமானதால் அதற்கு விலை ஏறியது. பொருள் நல்லதா கெட்டதா என்பது இரண்டாவது கேள்விதான். மாலைக்குள் கிரைண்டருக்கு மூன்று பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். அதில் ஒருவர் 'கடைசி விலை என்ன சார்?' என்று தமிழில் கேட்டிருந்தார். 'போட்ட விலைதான் சார்' என்று பதில் வந்தது. பதினைந்து வருஷம் டோக்கியோவில் இருந்தவராம்.