பெயரைச் சொன்னால் கதவு திறக்கலாமா?

திருவெள்ளறை புண்டரீகாட்சப் பெருமாள் கோயிலில் இரண்டு வாசல் உண்டு. தை முதல் ஆனி வரை உத்தராயண வாசல், ஆடி முதல் மார்கழி வரை தட்சிணாயன வாசல். எந்த மாதம் எது திறக்கும் என்பது முன்பே முடிவானது. வருகிறவர் தன் இஷ்டத்துக்கு மடைப்பள்ளிக் கதவின் பெயரைச் சொல்லித் திறக்கச் சொல்ல முடியாது.

பைதானில் நிரல் எழுதும் பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். ஒரு கடைக் கணக்கு நிரல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் வரவு, செலவு, தொகை, அழி என்று நாலு செயல்கள். பயனர் 'வரவு' என்று தட்டினால் வரவு ஓட வேண்டும். நாலு 'இஃப்' எழுதச் சோம்பல்பட்டு, தட்டிய சொல்லை அப்படியே 'கெட்அட்டர்' கையில் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பெயரில் என்ன இருக்கிறதோ அதை அது எடுத்துத் தரும். ஒரே வரியில் வேலை முடிந்தது. யாராவது 'அழி' என்று தட்டினால் வருஷக் கணக்கும் முடிந்தது :-)

ரூபியில் 'சென்ட்' இன்னும் தாராளம், பிரைவேட் செயலையும் ஓட்டிவிடும். 1.9-இல் வந்த 'பப்ளிக்_சென்ட்' அதைத் தடுக்கும். ஆனால் 'அழி' பப்ளிக்காக இருந்தால் அதுவும் கைவிரித்துவிடும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. திங்க்பிஎச்பி என்ற சீனச் சட்டகம், இணைய முகவரியில் வந்த கன்ட்ரோலர் பெயரைச் சரியாகச் சோதிக்கவில்லை. வெளியாட்கள் அந்த வழியாகச் சர்வரில் தங்கள் கட்டளைகளை ஓட்ட முடிந்தது. 2018 டிசம்பரில் அவசரமாக அடைத்தார்கள்.

பைதானோடு வரும் இணையச் சர்வர் நிரலைப் பாருங்கள். பிரவுசர் அனுப்பும் 'கெட்', 'போஸ்ட்' என்ற சொல்லுக்கு முன்னால் 'டூ_' என்று ஒட்டி, அந்தப் பெயரில் செயல் இருந்தால் மட்டும் அழைக்கிறது. இல்லையென்றால் 501 பிழை. முன்னொட்டு இல்லாத எதையும் வெளியிலிருந்து தொட முடியாது.

அதைவிட எளிது, ஒரு டிக்ஷனரி. 'வரவு', 'செலவு', 'தொகை' மூன்றுக்கும் எதிரே அதனதன் செயல். 'அழி' பட்டியலிலேயே கிடையாது. பெயர் கிடைக்காவிட்டால் 'அப்படி ஒன்று இல்லை' என்று சொல்லி நிறுத்திவிடலாம்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு வில்லங்கம் உண்டு. 'தொகை'யில் வரும் 'தொ'வின் கொம்பையும் காலையும் யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், டிக்ஷனரிக்கு வேறுவேறு. நிரலில் எழுதிய பெயர்களைப் பைதான் 3 தானே ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும். பயனர் தட்டும் சரத்தை மாற்றாது. தேடுவதற்கு முன் 'யூனிகோட்டேட்டா'வின் 'நார்மலைஸ்' வழியாக அனுப்பிவிடுங்கள், பட்டியலில் உள்ள பெயர்களையும் சேர்த்து.