பீரங்கிக் குழலுக்கு அடியில் ஒரு தழும்பு

லண்டன் வாட்டர்லூவில் வெய்மத் ரயிலைப் பிடித்து, சுமார் இரண்டரை மணி நேரம் கழித்து வூல் என்ற சின்ன நிலையத்தில் இறங்கினேன். டார்செட் மாவட்டம். இரண்டு பக்கமும் வேலிச் செடிகள், அதற்கு அப்பால் மேயும் மாடுகள். நான் தேடிப் போன பாவிங்டன் டாங்கி அருங்காட்சியகம் அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் சொச்சம். நடந்தே போகலாம் என்று கிளம்பினேன். வழியில் சிவப்பு முக்கோணப் பலகை ஒன்று நின்றது. உள்ளே கறுப்பாக ஒரு டாங்கியின் உருவம். நம் ஊரில் பள்ளிக்கூடம் இருக்கிறது, மெதுவாகப் போ என்று எழுதி வைப்பதுபோல, இங்கே டாங்கி குறுக்கே வரும், பார்த்துப் போ என்கிறார்கள். அந்தப் பலகையை விட்டு நகர எனக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று.

ஆவடிப் பக்கம் வளர்ந்தவன் நான். சிறு வயதில் கனரக வாகனத் தொழிற்சாலையின் பெயரைச் சொல்லும்போதே குரலைத் தாழ்த்திக்கொள்ளும் மாமாக்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள். விஜயந்தா, அஜேயா என்ற டாங்கிப் பெயர்கள் எனக்குச் சாமி பெயர்கள் மாதிரி. ஆனால் டாங்கிப் போரை எனக்குக் கற்றுக்கொடுத்தது கணினி விளையாட்டுதான். 2003இல் வந்த ‘காம்பாட் மிஷன்: ஆப்ரிகா கோர்ப்ஸ்’ என்ற விளையாட்டை இன்றைக்கும் ஆடிக்கொண்டிருக்கிறேன். அதற்காகவே ஒரு பழைய லேப்டாப்பைக் கண்ணும் கருத்துமாக வைத்திருக்கிறேன்.

அந்த விளையாட்டின் அழகு இதுதான். ஒரு நிமிடத்துக்கு வேண்டிய உத்தரவுகளை இரு தரப்பும் கொடுத்து முடித்ததும், அந்த அறுபது நொடிகளும் இருவருக்கும் சேர்ந்தே ஓடும். நடுவில் கை வைக்க முடியாது. சுட்ட குண்டு எந்தக் கோணத்தில் போய் எந்தத் தகட்டில் பட்டது, அந்தத் தகட்டின் தடிமன் எவ்வளவு, சாய்வு எவ்வளவு என்று ஒவ்வொன்றையும் கணக்குப் போடும். துளைத்ததா, தெறித்துப் போனதா என்று டாங்கியின் மேலேயே எழுத்து ஓடும். கோயம்புத்தூரில் இருக்கும் அண்ணன் ஒருவரும் நானும் வருடக்கணக்கில் மின்னஞ்சலில் கோப்புகளை அனுப்பி அனுப்பித் துனிசியாவில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். சில நேரம் ஒரு நிமிடப் போருக்கு ஒரு வாரம் பிடிக்கும்.

அதில் ஒன்று மட்டும் எனக்கு நெடுநாளாகப் பிடிபடவில்லை. முன்பக்கக் கவசம் 100 மில்லிமீட்டர் இருக்கும் டைகர் டாங்கி, ஓடும் நிலையில் இருக்கும்போதே, சில சமயம் உள்ளே இருப்பவர்கள் கதவைத் திறந்துகொண்டு குதித்து ஓடிவிடுவார்கள். ‘கைவிடப்பட்டது’ என்று எழுத்து வரும். டாங்கி நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் ஓடுகிறார்கள்? விளையாட்டை எழுதியவர்கள் செய்த பிழை என்றே நினைத்து வந்தேன்.

1916 முதல் பிரிட்டன் தன் டாங்கி வீரர்களைப் பழக்கும் இடம் பாவிங்டன். முதல் உலகப் போர் முடிந்து திரும்பிய டாங்கிகள் இங்கேதான் வந்து குவிந்தன. 1923இல் வந்து பார்த்த ரட்யார்ட் கிப்ளிங், இவற்றைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று யோசனை சொன்னதாகச் சொல்கிறார்கள். 1947இல் பொதுமக்களுக்குக் கதவு திறந்தது. இப்போது சுமார் 300 வாகனங்கள்.

உள்ளே போனதும் ‘லிட்டில் வில்லி’ நிற்கிறது. 1915இல் லிங்கன் நகரில் வில்லியம் ஃபாஸ்டர் கம்பெனி கட்டியது. ஒரு சண்டையும் பார்க்காத வண்டி. ரிவிட் அடித்த இரும்புப் பெட்டிக்குச் சங்கிலிச் சக்கரம் மாட்டியதுபோல இருக்கிறது. உலகத்தின் எல்லா டாங்கிகளுக்கும் இதுதான் மூத்தது. ரகசியம் வெளியே தெரியக் கூடாது என்று, இவை தண்ணீர்த் தொட்டிகள் என்று சொல்லித்தான் கட்டினார்கள். அப்படி ஒட்டிக்கொண்டதுதான் டாங்க் என்ற பெயர். அந்தச் சொல்லே இந்திய மொழிகளிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது என்று கருதுபவர்கள் உண்டு. நம் ஏரிகளை வெள்ளைக்காரர்கள் டாங்க் என்றுதான் எழுதினார்கள். நுங்கம்பாக்கத்தில் டாங்க் பண்ட் ரோடு இன்னமும் இருக்கிறது. ஏரிக்கரைச் சொல் இந்த இரும்பில் வந்து ஒட்டியிருப்பதை நினைத்தபடி அடுத்த வண்டிக்குப் போனேன்.

அது மார்க் 1. 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சின் ஃப்ளேர் பக்கம் முதன்முதலாகப் போருக்குள் இறங்கிய வகை. இந்த வகையில் தப்பி மிஞ்சியது இது ஒன்றுதான். உள்ளே எட்டுப் பேர். 105 குதிரைசக்தி டெய்ம்லர் எஞ்சின் தனி அறையில் இல்லை, ஆட்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது. வண்டியை ஓட்டவும் திருப்பவும் மட்டும் நான்கு பேர் வேண்டும். ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. அதனால் எஞ்சின் மூடியில் டங் டங்கென்று தட்டி, பின்னால் இருக்கும் கியர்காரர்களுக்குச் சைகை கொடுத்திருக்கிறார்கள். வெளியே சேதி அனுப்பப் புறா! சுவருக்கு வெளியே குண்டு பட்டால் உள்பக்கத்திலிருந்து பொடி உலோகம் சிதறி முகத்தில் அடிக்கும். அதற்காகத் தோலில் செய்து, வாய்ப்பக்கம் இரும்பு வளையங்கள் தொங்கும் முகமூடி. கண்ணாடிப் பேழைக்குள் அதைப் பார்த்தபோது என் கை தானாக என் கன்னத்துக்குப் போனது. மவுஸை ஒரு தடவை அழுத்தினால் என் டாங்கி இடப்பக்கம் திரும்பும். இவர்கள் எஞ்சின் மூடியைத் தட்டியிருக்கிறார்கள்.

நீளவாக்கில் இரண்டாக வெட்டி வைத்த செஞ்சூரியன் டாங்கி ஒன்றும் இருக்கிறது, பலாப்பழத்தைப் பிளந்த மாதிரி. 1965 போரில் அசல் உத்தரில் நம் மூன்றாவது கேவல்ரி பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகளை எதிர்த்து நின்றது செஞ்சூரியன்களில்தான். பெயராகவும் எண்ணாகவும் எனக்கு அத்துப்படியான வண்டி. ஆனால் குண்டு நிரப்புபவர் நிற்கும் இடம் இவ்வளவு குறுகலானது என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுச் சமையலறை மேடைக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் நடுவில் உள்ள இடம்தான். அதில் நின்றுகொண்டு, குலுங்கும் வண்டியில், கைகொள்ளாத குண்டைத் தூக்கிக் குழலுக்குள் தள்ள வேண்டும்.

பிறகு டைகர் 131.

57 டன். 88 மில்லிமீட்டர் பீரங்கி. சங்கிலிக்குள் ஒன்றுமேல் ஒன்றாகப் பின்னி அடுக்கிய சக்கரங்கள். 131 என்றால் முதல் கம்பெனி, மூன்றாவது பிளாட்டூன், முதல் வண்டி. ஜெர்மனியின் 504ஆவது கனரக டாங்கிப் பட்டாலியனைச் சேர்ந்தது. 1943 ஏப்ரல் 24 அன்று துனிசியாவின் குவேரியத் எல் அடாச் குன்றில் பிரிட்டிஷாரின் கையில் சிக்கியது. எதிரே வந்தவை சர்ச்சில் டாங்கிகள், அவற்றின் பீரங்கி ஆறு பவுண்டர், வாய் விட்டம் 57 மில்லிமீட்டர். என் விளையாட்டில் இந்தக் கணக்கைப் பார்த்தால் டைகருக்கு முன்னால் சர்ச்சில் நிற்கவே கூடாது.

தயங்கித் தயங்கி நின்றதைப் பார்த்துவிட்டு, அருங்காட்சியகத்தின் தன்னார்வலர் ஒரு பெரியவர் அருகில் வந்தார். என்ன தேடுகிறாய் என்று கேட்டார். சொன்னேன். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டார்ச்சை எடுத்து, குனி என்று சைகை காட்டினார். குனிந்து மேலே பார்த்தேன். பீரங்கிக் குழலின் அடிப்பக்கத்தில் ஒரு தழும்பு. கரண்டியால் வெண்ணெயை வழித்தெடுத்த மாதிரி இரும்பு வழிந்திருக்கிறது. அவ்வளவுதான். அங்கே பட்டுத் தெறித்த குண்டு கீழ்நோக்கிப் போய், சுழலும் கோபுரம் உட்கார்ந்திருக்கும் வளையத்தில் செருகிக்கொண்டது. கோபுரம் திரும்பவில்லை. ரேடியோ நொறுங்கியது. ஓட்டுநருக்கும் முன்பக்கத் துப்பாக்கிக்காரருக்கும் காயம். இரண்டாவது குண்டு கோபுரத்தைத் தூக்குவதற்கு வைத்த கொக்கியில் பட்டது. பீரங்கியை ஏற்றி இறக்கும் அமைப்பு செயலிழந்தது. மூன்றாவது, குண்டு நிரப்புபவரின் மேல்கதவில் பட்டு, துணுக்குகள் உள்ளே சிதறின. ஒரு குண்டுகூடக் கவசத்தைத் துளைக்கவில்லை. எஞ்சின் நின்றுவிடவில்லை. ஆனாலும் ஐந்து பேரும், காயம்பட்டவர்களைத் தாங்கிக்கொண்டு, இறங்கிப் போய்விட்டார்கள்.

டார்ச் வெளிச்சம் அந்தத் தழும்பிலிருந்து கோபுர வளையம்வரை மெல்ல இறங்கியது. விளையாட்டு பிழை செய்யவில்லை. வானத்திலிருந்து பார்க்கும் எனக்குத்தான் அது நல்ல டாங்கியாகத் தெரிந்தது. உள்ளே இருந்தவர்களுக்கு அது திரும்பாத, குறிவைக்க முடியாத, யாரையும் கூப்பிட முடியாத ஓர் இருட்டு அறை. அடுத்த குண்டு எங்கிருந்து வரும் என்று பார்க்கவும் வழி இல்லை. இருபது வருடமாக நான் திட்டி வந்த அந்த ஐந்து பேரும் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள்.

வெளியே வந்து கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன். அங்கே ராத்திரி ஆகிவிட்டிருந்தது.

“அண்ணே, 131 பக்கத்துல இருந்து பேசுறேன்.”

“அடப்பாவி! தொட்டுப் பாத்தியாடா?”

“தொட விடமாட்டாங்கண்ணே. அடியில இருக்கிற அடியை டார்ச் அடிச்சுக் காட்டினாங்க.”

கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “ஸ்டார்ட் பண்றப்ப போனை அப்படியே புடி. சத்தத்தைக் கேட்கணும்” என்றார்.

அன்று டைகர் ஓடும் நாள். 1990இல் பிரித்து, 2003 டிசம்பரில் ஓடும் நிலையில் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2014இல் வந்த ‘ஃப்யூரி’ படத்தில் வரும் டைகர் இதுதான். திறந்தவெளி அரங்கைச் சுற்றி ஆயிரக்கணக்கானவர்கள், காதுக்கவசம் போட்ட குழந்தைகள், தெர்மாஸ் குடுவையோடு தாத்தாக்கள். எஞ்சின் பிடித்ததும் எனக்கு முதலில் வந்து சேர்ந்தது சத்தம் அல்ல, உள்ளங்காலில் ஒரு நடுக்கம். அப்புறம்தான் பன்னிரண்டு சிலிண்டர் மேபாக்கின் ஆழ்ந்த உறுமல், அதற்கு மேல் சங்கிலி உருளும் சலசலப்பு. நான் எதிர்பார்த்ததைவிடப் பதமாக வளைந்தது. 57 டன்னைத் திருப்ப டைகரில் காரில் இருப்பது போன்ற ஸ்டீயரிங் சக்கரம்தான். கியர் பெட்டி முன்னால் போக எட்டு கியர் தரும். படித்தது எல்லாம் கண் முன்னால் உருண்டு போயிற்று. போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தேன். கை வலித்தது, இறக்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. வாடகைக் காரில் டைன்ஹாமுக்குப் போனேன். 1943 டிசம்பரில், டாங்கிகளின் சுடுபயிற்சிக்கு இடம் வேண்டும் என்று, இந்தக் கிராமத்திலும் சுற்று வட்டாரத்திலும் இருந்த இருநூறுக்கும் மேற்பட்டவர்களை வெளியேறச் சொன்னார்கள். போகும்போது, வீடுகளையும் கோயிலையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும்படி தேவாலயக் கதவில் ஒரு சீட்டுக் குத்தி வைத்துவிட்டுப் போனார்கள். போர் முடிந்தது. அவர்களால் திரும்ப முடியவில்லை. இன்றும் அந்தக் கிராமம் லல்வர்த் சுடுதளத்துக்குள்தான் இருக்கிறது. பெரும்பாலான வார இறுதிகளில் பார்க்க விடுகிறார்கள். தேவாலயமும் பள்ளிக்கூடமும் நன்றாக நிற்கின்றன. மற்றவை கூரையில்லாத சுவர்கள், உள்ளே மரம் முளைத்த அடுப்பங்கரைகள்.

எனக்கு அந்த ஊரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. என் விளையாட்டு வரைபடங்களில் எல்லா ஊரும் இப்படித்தான் இருக்கும். கல்வீடு, கோயில், மதில், சந்து எல்லாம் உண்டு. குடியிருப்பவர் மட்டும் யாரும் இருக்கமாட்டார்கள். ஆயிரம் ஊர்களை நான் அப்படிக் கடந்திருக்கிறேன், சுவர் மறைவு தருமா என்று மட்டும் பார்த்துக்கொண்டு. ஓர் அடுப்பின் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கரி இன்னும் கல்லில் ஒட்டியிருந்தது.

அன்று இரவு வூலில் தங்கும் விடுதியில் பழைய லேப்டாப்பைத் திறந்தேன். அண்ணனிடமிருந்து கோப்பு வந்திருந்தது. துனிசியா, பதினேழாவது நிமிடம். கேமராவைத் தரைமட்டத்துக்கு இறக்கி வைத்துக்கொண்டு ஓடவிட்டேன். நாற்பதாவது நொடியில் என் டைகரின் பீரங்கியில் அடி விழுந்தது. கதவுகள் திறந்தன. பக்கத்துப் பட்டியலில் எண்ணிப் பார்த்தேன்: நான்கு பேர்.

அடுத்த நிமிடத்துக்கு உத்தரவு கொடுக்க வேண்டும். இடப்பக்கம் இன்னும் இரண்டு டாங்கிகள் எனக்காகக் காத்திருந்தன. அவற்றை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று, அந்த நான்கு பேருக்கும் குன்றின் பின்பக்கம் இறங்கும் வழியை முதலில் வரைந்தேன்.